தன் மனசுக்குள் வந்த உருவங்களோடு பேசிய டாக்டர்: யார் இந்த கார்ல் யுங்?

கேம் ஆடுறவங்க ‘பெர்சோனா’ பெயரைக் கேட்டிருப்பீங்க. 1996-ல் ஜப்பானில் தொடங்கிய கேம் வரிசை அது. 2008-ல் வந்த 4-ம் பாகத்தில், ஒருவர் மறைத்து வைத்த குணமே அரக்கனாக எதிரில் வந்து நிற்கும். அது நான் இல்லை என்று மறுத்தால் வெறி பிடித்துத் தாக்கும். அதுவும் நான்தான் என்று ஏற்றுக்கொண்டால் துணையாக மாறும். இந்த யோசனையின் வேர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங்கிடம் இருக்கிறது.

வாரிசும் பிரிவும்

1875-ல் கெஸ்வில் கிராமத்தில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார் யுங். மருத்துவம் படித்து, 1900-ல் ஜூரிச்சில் மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். 1907-ல் ஃப்ராய்டைச் சந்தித்தார். ஃப்ராய்டு அவரைத் தன் வாரிசாகவே பார்த்தார். ஆனால், மனதை இயக்கும் சக்தி எது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1913-ல் உறவு முறிந்தது.

பயந்து ஓடவில்லை

அதே ஆண்டு, ஐரோப்பாவே ரத்த வெள்ளத்தில் மூழ்குவது போன்ற காட்சிகள் அவருக்கு வந்தன. இப்படிக் காட்சிகள் வருகிறது என்று சொன்னவர்களுக்குத்தான் அவர் அதுவரை வைத்தியம் பார்த்தார். இப்போது தனக்கே மனம் பிறழ்கிறதோ என்று பயந்தார்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? மனசுக்குள் வந்த உருவங்களுக்குப் பெயர் வைத்தார், அவற்றோடு பேசினார், எழுதினார், வரைந்தார். அதில் ஒன்று ஃபிலமோன்: காளைக் கொம்பு, மீன்கொத்தியின் சிறகு, கையில் நான்கு சாவிகளுடன் ஒரு கிழவர். நோயாளிகளைப் பார்க்கும் வேலையும், மனைவி, பிள்ளைகள் இருந்த வீடும் தன்னைத் தரையில் நிறுத்தியதாக அவர் கருதினார். அந்தப் படங்களும் எழுத்தும் சேர்ந்த ‘சிவப்புப் புத்தகம்’ 2009-ல்தான் அச்சானது.

முகமூடியும் நிழலும்

ஊருக்குக் காட்டும் முகத்தை யுங் ‘பெர்சோனா’ என்றார். நாம் ஒத்துக்கொள்ளாமல் ஒதுக்கிய குணங்கள்தான் ‘நிழல்’. 2018-ல் வந்த ‘செலஸ்ட்’ என்ற இண்டி கேமிலும், கண்ணாடியிலிருந்து வெளியே வரும் நாயகியின் இன்னொரு பாதிதான் அவளைத் துரத்துகிறது.

இந்தியா வந்தார்

1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த அறிவியல் மாநாட்டை ஒட்டி இந்தியா வந்த யுங், சீதபேதியால் மருத்துவமனையில் படுத்தார். தென்னிந்தியாவுக்கும் வந்தவர், திருவண்ணாமலையில் ரமணரைப் பார்க்காமலே திரும்பினார். பின்னாளில் ரமணர் பற்றிய ஜெர்மன் நூலுக்கு முன்னுரை எழுதினார். நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியை மையமாகக் கொண்ட ஒரு மருத்துவச் சங்கத்துக்குத் தலைமை வகித்ததற்காக இன்றும் விமர்சிக்கப்படுகிறார். 1961-ல் காலமானார்.

நமக்கு என்ன?

நத்தத்தில் உட்கார்ந்து ஒருவர் லேப்டாப்பில் கேம் செய்கிறார்னு வைங்க. மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் கோரப்பல் வரைந்து அரக்கனாக்குவது சுலபம். ஆனா அதைப் பார்க்கிற நோயாளி, டாக்டரிடம் போகவே கூச்சப்படலாம். நோயாளியின் பிதற்றலிலும் அர்த்தம் இருக்கும் என்று காதுகொடுத்தவர் யுங். அதனால் நோயின் பெயரிலிருந்து தொடங்காதீங்க. இந்தக் கதாபாத்திரம் எதை மறைக்குது, அது வெளியே வந்தா என்ன உருவம் எடுக்கும், ஏற்றுக்கொண்டா என்னவா மாறும் என்று கேளுங்க. நம்ம ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் கருப்பசாமியைப் பாருங்க: பார்த்தா பயம், ஆனா காவல் அவர்தான்.