குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) வாழ்வும் நமது ரமளானும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

நமது கொடுங்கையூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள இராயபுரம் பகுதியில் ஓர் இறைநேசர் அடங்கியிருக்கிறார்கள். தொண்டி வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் மக்கள் அவர்களைத் தொண்டியார் என்று அழைத்தனர். அப்பெயராலேயே தண்டையார்பேட்டை என்னும் பெயர் உண்டாயிற்று என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் செல்லும் நம்மில் பலருக்கு அப்பெரியாரின் வாழ்வு தெரியாது. தீய பழக்கங்களைக் களைவதற்கென்றே அருளப்பட்ட ரமளானைப் பற்றி எண்ணும்போது, விடுதல் என்பதன் பொருளை வாழ்ந்து காட்டிய அவர்களை நினைவுகூர்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

அவர்களது இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடி என்னும் சிற்றூரில் நயினார் முஹம்மது, பாத்திமா தம்பதியருக்கு மகனாகத் தோன்றினார்கள். பிறந்த ஆண்டு 1792 என நூல்கள் குறிக்கின்றன. இளமையில் கீழக்கரை சென்று மார்க்கக் கல்வி பயின்றார்கள். அரபியும் தமிழும் அவர்களிடம் ஒருசேர வளர்ந்தன. தாய்மாமன் மகளை மணமுடித்து வைக்கக் குடும்பத்தார் விரும்பினர். கல்வியும் உறவும் நல்வாழ்வும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எனினும் அவர்களது உள்ளம் அவற்றில் தங்கவில்லை. இல்லற ஏற்பாட்டை மறுத்து, ஊரை விட்டே புறப்பட்டு விட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது நமது கடமை. திருமணம் நபிவழியாகும். துறவறத்தை மார்க்கம் பொது விதியாக்கவில்லை. இறைக்காதலில் தம்மை மறந்த நிலையை அடைந்த ஒருவரின் தனி நிலை அது. வீட்டையும் மனைவி மக்களையும் விட்டு விடுங்கள் என்று நமது இளைஞர்களுக்கு நாம் சொல்லவில்லை. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது, அல்லாஹ்வை விட்டுத் தம்மைத் திருப்புவது எதுவோ அதை அடையாளம் கண்ட பின் தயங்காமல் கைவிட்ட அந்த உறுதியையே.

திரிச்சிராப்பள்ளியில் ஷாம் சாகிபு என்னும் ஆலிமை அடைந்து, காதிரிய்யா வழியில் பைஅத் பெற்றார்கள். பின்னர் மதுரைக்கு அருகே திருப்பரங்குன்றத்தில், சிக்கந்தர் பாதுஷா (ரஹ்) அவர்களின் தர்கா அமைந்துள்ள மலைக்குச் சென்று 40 நாட்கள் தனித்திருந்து தவம் புரிந்தார்கள். நபி மூஸா (அலை) அவர்கள் தூர் மலையில் 40 இரவுகள் தங்கியதைத் திருக்குர்ஆன் கூறுவதை நாம் அறிவோம். ஞானவான்கள் இத்தகைய தனித்திருத்தலைச் சில்லா என்பர். அதில் கடைப்பிடிக்க வேண்டியவை நான்கு: உணவைக் குறைத்தல், உறக்கத்தைக் குறைத்தல், பேச்சைக் குறைத்தல், வீண் கூட்டுறவைக் குறைத்தல். சற்று ஆராய்ந்தால் இந்நான்கும் ரமளானுக்குள் அடங்கியிருப்பது விளங்கும். பகலில் நோன்பு உணவைக் குறைக்கிறது. தராவீஹும் சஹரும் உறக்கத்தைக் குறைக்கின்றன. பொய்யும் புறமும் பேசாதே என்னும் கட்டளை நாவைக் கட்டுகிறது. இறுதிப் பத்தின் இஃதிகாஃப் கூட்டத்திலிருந்து பிரிக்கிறது. அப்பெரியார் மலையேறிச் செய்த பயிற்சியை நமக்கு நமது மஹல்லா பள்ளிவாசலிலேயே அல்லாஹ் எளிதாக்கித் தந்திருக்கிறான்.

தவத்திற்குப் பின் பல ஊர்களிலும் காடுகளிலும் சுற்றித் திரிந்து, இறுதியில் சென்னை இராயபுரத்தை வந்தடைந்தார்கள். அந்நாளில் புதரும் முள்ளுமாய்க் கிடந்த இடத்தையே தங்குமிடமாக்கிக் கொண்டார்கள். இறை நினைவில் மெய்ம்மறந்திருந்த நிலையைக் கண்ட மக்கள் மஸ்தான் என்றழைத்தனர். பரவசத்தில் மயங்கியவர் என்பது அப்பாரசீகச் சொல்லின் பொருள். சமயம் பாராது பலரும் அவர்களை நாடி வந்தனர். தமிழ்ப் புலமையில் சிறந்த திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார் என்றால், அவர்களது மதிப்பை நாம் உணரலாம். 1838-ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 1254) அவர்கள் இவ்வுலகை நீத்தபோது, வாழ்ந்த இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

சகோதரர்களே! அவர்களது வாழ்வில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, விட்டதை அவர்கள் மீண்டும் எடுக்கவில்லை. 40 நாட்கள் முடிந்ததும் மலையிலிருந்து இறங்கிப் பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை. நமது நிலையோ வேறு. துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் பட்டறைகளிலும் வெயிலில் உழைக்கும் நம் சகோதரர்கள், ஏறத்தாழ 13 மணி நேரம் ஒரு சொட்டு நீரும் ஒரு பீடியும் இன்றி நோன்பைக் காக்கின்றனர். இது எளிய செயலன்று. ஆனால் மஃரிப் தொழுது முடிந்ததும், நோன்புக் கஞ்சியின் சுவை நாவில் மாறுமுன்னே, பள்ளிவாசல் வாயிலுக்கு அப்பால் சிகரெட் புகை எழுகிறது. பெருநாள் பிறை தெரிந்த இரவிலோ, மாதம் முழுவதும் அடங்கியிருந்தவை அனைத்தும் ஒன்றுகூடித் திரும்புகின்றன. புகையை விட என்னால் முடியாது என்று சொல்பவரிடம் நாம் அன்புடன் கேட்கிறோம்: 13 மணி நேரம் விட்டது யார்? நீங்கள்தாமே! முடியாது என்பது உண்மையானால் அந்த நோன்பே நிறைவேறியிராதே. உடலுக்கு ஆற்றல் உண்டு என்பதை ரமளான் ஒவ்வொரு நாளும் மெய்ப்பித்துக் காட்டுகிறது; மனம்தான் ஷவ்வால் வரை காத்திருக்கிறது.

இரண்டாவது, விட்ட இடத்தை அவர்கள் வெற்றிடமாக வைக்கவில்லை. உலகப் பேச்சை விட்ட நாவில் திக்ரும் முனாஜாத்தும் குடிகொண்டன. முகியித்தீன் சதகம், பராபரக் கண்ணி, எக்காலக் கண்ணி முதலிய பாடல்கள் அந்நாவிலிருந்தே பிறந்தன. உள்ளத்தை அழுக்கிலிருந்து காலி செய்வதைத் தக்லியா என்றும், நற்குணங்களால் அழகுபடுத்துவதைத் தஹ்லியா என்றும் நமது உலமாக்கள் கற்பிப்பர். ஒன்றின்றி மற்றது நிலைக்காது. தராவீஹுக்குப் பின் சஹர் வரை தெருமுனையில் கேரம் ஆடியும், கைப்பேசியில் மூழ்கியும், மோட்டார் சைக்கிளில் சுற்றியும் இரவைக் கழிக்கும் பிள்ளைகளை வெறுமனே கண்டிப்பதால் மட்டும் பயனில்லை. அந்நேரத்திற்கு என்ன தரப் போகிறோம் என்பதைப் பெற்றோரும் ஜமாஅத்தும் சிந்திக்க வேண்டும். ஒரு பக்கம் குர்ஆன், ஒரு மார்க்கச் சட்டம், பக்கத்து வீட்டு முதியவருக்குச் சஹர் உணவு கொண்டு செல்லும் பணி: இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், அவ்விடத்தை நிரப்ப.

பொய்யையும் தீய செயலையும் விடாதவர் உணவையும் நீரையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்னும் கருத்தில் நபிமொழி நம்மை எச்சரிக்கிறது. ஆதலால் நாம் கேட்டுக் கொள்வது பெரிதன்று. ஒவ்வொருவரும் தமக்கு நன்கு தெரிந்த ஒரே ஒரு தீய பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். புகையோ, புறம் பேசுதலோ, மனைவியிடம் கடுஞ்சொல் கூறுதலோ, கடனைத் திருப்பித் தராமல் தள்ளிப் போடுதலோ, எதுவாயினும் சரியே. ரமளானின் முதல் இரவில் அதை விடுவதாக நிய்யத் செய்யட்டும். ஷவ்வாலின் முதல் இரவில் அந்த நிய்யத்தைப் புதுப்பிக்கட்டும்.

தொண்டியார் பெயர் நமது வட்டாரத்தில் வழங்குகிறது என்று பெருமை கொள்வது எளிது. அவர்கள் எல்லாவற்றையும் விட்டார்கள். நாம் ஒன்றையேனும் விட்டால்தான் அப்பெருமைக்கு நாம் உரியவர்களாவோம்.

வல்ல அல்லாஹ் நமது நோன்புகளை ஏற்று, விட்டதை மீண்டும் நாடாத உறுதியை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.