மதுரையில் பிறந்த கணிதப் பேராசிரியர்

கற்கும் காலத்தில் தவறு செய்யாதவர் எவரும் இலர். தவறு நேர்ந்த இடத்தைக் கண்டு, அது நேர்ந்த காரணத்தையும் உணர்ந்து, தன் கையாலேயே திருத்திக்கொள்பவனே கற்றவன் ஆகிறான். அவ்வாறு திருத்திக்கொள்ள வழிகாட்டுபவரே நல்லாசிரியர். அத்தகைய ஆசிரியர் ஒருவரின் வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அகஸ்டஸ் டி மார்கன் என்பது அவர் பெயர். குடியால் ஆங்கிலேயர், பிறந்த ஊரோ நம் மதுரை!

பெங்களூர் விவேக் நகரில் நான் குடியிருக்கும் தெருவில், மாலை வேளைகளில் முதலாண்டு மாணவர் சிலர் என்னிடம் வருவதுண்டு. ஜாவா மொழியில் எழுதிய புரோகிராம் ஓடவில்லை, எங்கே பிழை என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா என்பார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் டி மார்கனின் விதி ஒன்று அடிக்கடி தலைகாட்டியது. விதியைக் கற்ற நான், விதி தந்தவரையும் அறிய விரும்பினேன். அவர் வரலாறு விதியினும் சுவையாக இருந்தது.

1806-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் மதுரையில் அவர் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தையின் வலக்கண் பார்வை போயிற்று. ஏழாம் மாதத்தில் குடும்பம் இங்கிலாந்து சென்றது. பத்து வயதில் தந்தையையும் இழந்தார். ஒற்றைக் கண்ணோடு விளையாட்டில் சேர இயலாமல், பள்ளித் தோழர்களின் குறும்புக்கும் ஆளாகி வளர்ந்த அச்சிறுவனுக்குக் கணிதமே துணையாயிற்று.

1823-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1827-இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். மேற்பட்டமும் கல்லூரிப் பதவியும் பெறவேண்டுமானால் சமயக் கொள்கை ஒன்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். மனம் ஒப்பாததில் கையெழுத்திட மாட்டேன் என்று இரண்டையும் துறந்தார். சமயச் சோதனை ஏதுமின்றி அப்போது புதிதாகத் தோன்றிய லண்டன் பல்கலைக்கழகம், 1828-இல் அவரைத் தன் முதல் கணிதப் பேராசிரியராக ஏற்றது. அப்போது வயது இருபத்தொன்றுதான்! சக பேராசிரியர் ஒருவர் நீக்கப்பட்ட முறை சரியன்று என்று 1831-இல் விலகினார்; 1836-இல் மீண்டும் வந்தார்.

அவர் பாடம் நடத்திய முறையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொற்பொழிவின் முடிவிலும் சில கணக்குகளைச் சொல்வார். மாணவர்கள் அவற்றைச் செய்து கொடுக்க வேண்டும். அடுத்த வகுப்புக்குள் ஒவ்வொருவர் தாளையும் பார்த்துத் திருத்தித் திருப்பித் தந்துவிடுவார். விடை சரியா என்பது அவருக்குப் பெரிதன்று. அடிப்படை விளங்கியதா என்பதே பெரிது. தேர்வுக்காக மனப்பாடம் செய்வதை அவர் அறவே வெறுத்தார்.

கல்லூரிக்கு வர இயலாத மாணவி ஒருவருக்கும் இம்முறையிலேயே கற்பித்தார். அவர்தாம் கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸ். 1840 முதல் பெரும்பாலும் கடிதங்களின் வாயிலாகப் பாடம் நடந்தது. டி மார்கன் எழுதிய நுண்கணித நூலே பாடநூல். அம்மையார் தம் ஐயங்களை எழுதுவார். எந்த அடியில் கருத்துப் பிசகியது என்று ஆசிரியர் விளக்கி எழுதுவார். 1843-இல் அம்மையார், பாபேஜ் வகுத்த கணிப்பொறியைப் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்றை உலகின் முதல் புரோகிராம் எனப் பலர் போற்றுகின்றனர். பாபேஜ் செய்த கணக்கிலேயே ஒரு பெரும் பிழையை அவர் கண்டுபிடித்ததாகப் பாபேஜே பின்னாளில் எழுதினார். அத்துணைக் கூர்மையானவரின் அச்சேறிய அட்டவணையிலும், ஒரு வகுத்தலில் மேலது கீழாய் இடம் மாறி நிற்கக் காண்கிறோம். ஆகவே, முதல் புரோகிராமிலும் பிழை இருந்தது! நாம் ஏன் மனம் தளரவேண்டும்?

1847-இல் டி மார்கனின் தருக்க நூல் வெளிவந்தது. இடைக்கால அறிஞர் சொல்லளவில் அறிந்திருந்த ஓர் உண்மையை அவர் கணிதக் குறியீட்டு முறையில் நிறுத்தினார். அதுவே அவர் பெயரால் வழங்கும் விதி. அதன் பயனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிப் படித்த மாணவர் ஒருவர். பள்ளியில் தமிழிலேயே பயின்றவர். 1 என்றால் இட்டிலி, 2 என்றால் தோசை, வேறு எண் வந்தால் மறுபடி கேட்கவேண்டும், இதுதான் பயிற்சி. எண் 1 அன்று அல்லது எண் 2 அன்று எனில் மீண்டும் கேள் என எழுதியிருந்தார். இலக்கணம் சரியாதலால் ஜாவா ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் எதைக் கொடுத்தாலும் கேள்வி ஓயவில்லை. 1 கொடுத்தால் அது 2 அன்று. 2 கொடுத்தால் அது 1 அன்று. இரண்டில் ஒன்று எப்போதும் மெய்யாகிறதே! இரண்டு இரவு விழித்தும் பயனின்றி, ஆங்கிலம் வராத குறைதான் இது, ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தார்.

நான் விடையைச் சொல்லவில்லை. இட்டிலியோ தோசையோ வேண்டும் என்பதைத் தமிழில் மறுத்துச் சொல்லும்படி கேட்டேன். இட்டிலியும் வேண்டாம், தோசையும் வேண்டாம் என்றார். சொன்னவுடனே அவர் முகம் மலர்ந்தது. மறுக்கும்போது ஓகாரம் உம்மை ஆகிறது! எண் 1-உம் அன்று, 2-உம் அன்று என்றால் மட்டுமே மீண்டும் கேட்கவேண்டும். || என்ற குறியை && என அவரே மாற்றினார்; புரோகிராம் ஓடியது. டி மார்கன் விதி இவ்வளவே. உம்மையை மறுத்தால் ஓகாரம், ஓகாரத்தை மறுத்தால் உம்மை. தமிழ் பேசும் குழந்தையின் நாவிலும் அது இருக்கிறது. அம்மாணவர் ஊருக்குத் திரும்பவில்லை, படிப்பைத் தொடர்ந்தார்.

மாணவர் கேள்வியை டி மார்கன் எவ்வளவு மதித்தார் என்பதற்கு இன்னொரு சான்று. 1852-இல் ஒரு மாணவர், எந்த வரைபடத்துக்கும் நான்கு வண்ணங்கள் போதுமா என்று தம் அண்ணன் எழுப்பிய ஐயத்தைக் கொண்டுவந்தார். தமக்கு விடை தெரியாத அக்கேள்வியை அன்றே பேரறிஞர் ஹாமில்டனுக்கு எழுதி அனுப்பினார். 1976-இல்தான், கணிப்பொறியின் துணையோடு, அது நிறுவப்பட்டது. தில்லி ஆசிரியர் ராமச்சந்திரர் 1850-இல் கல்கத்தாவில் வெளியிட்ட கணித நூலையும் பாராட்டி, 1859-இல் லண்டனில் மறுபதிப்பு வரச்செய்தார்.

1865-இல் லண்டன் கணிதக் கழகத்தின் முதல் தலைவரானார். மறு ஆண்டு, ஓர் அறிஞருக்குச் சமயக் காரணத்தால் பதவி மறுக்கப்பட்டது கண்டு கல்லூரியை விட்டே விலகினார். அடுத்து மகன் ஜார்ஜின் மறைவு அவர் உடலையும் உள்ளத்தையும் வாட்டியது. 1871 மார்ச் 18-ஆம் நாள் மறைந்தார். பிறந்த மதுரையை அவர் மீண்டும் காணவேயில்லை.

நண்பர்களே! பிறர் எழுதிய விடையைப் பெயர்த்தெழுதினால் மதிப்பெண் வரலாம், அறிவு வராது. கேட்கும் மாணவர் கூச்சமின்றிக் கேட்கட்டும். சொல்லும் மூத்தவர் விடையைத் தராமல் வழியைத் தரட்டும். மதுரை மண்ணில் பிறந்த அம்மேதைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.