சங்கீத மூர்த்தி முத்துசுவாமி தீட்சிதர்

லவாலில் சங்கீதம் படிக்கும் நமது பிள்ளைகள் சரளி வரிசை, ஜண்டை வரிசை முடிந்ததும் சில வேளைகளில் நொட்டுஸ்வரம் பழகுவார்கள். பிள்ளை "சந்ததம் பாஹிமாம்" என்று பாடத் தொடங்கியதும் பெற்றோர் சிலர் திகைப்பதுண்டு. அது பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டு. கனடாவிலும் அரச கீதமாக ஒலிப்பது. இரவல் மெட்டில் சுவாமியைப் பாடலாமா, அசலைப் போல அது இனிக்குமா என்று மனம் கேட்கிறது. அதற்கான விடை, அதனை இயற்றிய மகானின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டளவில் திருவாரூரில் அவதரித்தார். தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கிய பெருமைக்குரியவர். நெடுநாள் பிள்ளைப்பேறின்றி வைத்தீசுவரன் கோயிலில் வேண்டிப் பெற்ற மகவாதலால், அங்கு எழுந்தருளியிருக்கும் முத்துக்குமாரசுவாமியின் திருநாமமே குழந்தைக்குச் சூட்டப்பட்டது.

பின்னர் குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. அவர்களை ஆதரித்த மணலி முதலியார் குடும்பத்தினர் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் தொடர்புடையவர்கள். அவர்கள் மூலம் சகோதரர்களுக்குப் புனித ஜோர்ஜ் கோட்டையில் வெள்ளையரின் வாத்தியக் குழு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்று, அதனைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவரானார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நாம் நினைத்தும் பார்ப்பதில்லை. அதை அந்நிய வாத்தியம் என்று ஒதுக்குவாரும் இல்லை.

தீட்சிதரோ, தாம் கேட்ட மெட்டுக்களுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். இவ்வாறு ஏறத்தாழ நாற்பது நொட்டுஸ்வர சாகித்தியங்கள் தோன்றின. அயர்லாந்தில் மலோ என்ற ஊரின் உல்லாச இளைஞர்கள் குடித்துக் களிப்பதைப் பாடும் ஒரு மெட்டு, "வந்தே மீனாக்ஷி" என்று மதுரை அம்மையின் துதியாயிற்று. மெட்டு மாறவில்லை, பாடும் மனம் மாறியது.

சிதம்பரநாத யோகி என்ற குருவுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கியபோது வட இந்திய இசையையும் செவிமடுத்தார். திரும்பி வந்தபின் திருத்தணியில் முருகப் பெருமானே முதியவராக வந்து வாயில் கற்கண்டு இட்டதாகவும், உடனே முதற் கிருதி பிறந்ததாகவும் கூறுவர். அன்று முதல் "குருகுக" என்பதே அவர் முத்திரை. வடக்கே கேட்ட இசையும் அவர் கையில் உருமாறியது. திவிஜாவந்தி, யமுனாகல்யாணி ஆகிய இராகங்களில் அவர் இயற்றிய கிருதிகளைக் கேட்பவர் எவரும் அவற்றை இரவல் என்று சொல்லார்.

அப்படியானால் நொட்டுஸ்வரமும் பெருங்கிருதியும் ஒன்றா? இல்லை. நொட்டுஸ்வரங்கள் சங்கராபரண இராகத்தின் ஸ்வரங்களில், கமகமின்றி நேராக நடப்பவை. கீழ்வேளூர்ப் பெருமான்மேல் அவர் பாடிய "அக்ஷயலிங்க விபோ" கிருதியும் சங்கராபரணமே. ஆனால் அதில் இராகம் ஆழ்ந்து, அசைந்து, கோயிற் தேர் போல வருகிறது. முன்னது குழந்தை துள்ளி நடக்கும் அழகு. துள்ளலில் தேரின் கம்பீரத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். துள்ளலாகவே கேட்டால் அதற்கும் தனி இன்பம் உண்டு. அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதரும் இவற்றுட் பலவற்றை 1905இல் தொடக்கப் பயிற்சி நூலிலேயே சேர்த்தார்.

திருவாரூர்க் கமலாம்பாள்மேல் நவாவரணக் கிருதிகளையும் நவக்கிரகக் கிருதிகளையும் அருளிய தீட்சிதர், 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்தில் இறைவனடி சேர்ந்தார். அவரது சமாதி இன்றும் அங்குள்ளது.

பெற்றோர்களே, நமது பிள்ளைகள் இங்கு பாடசாலையில் பிரெஞ்சுப் பாட்டும் கோயிலில் தேவாரமும் பாடி வளர்கிறார்கள். இரண்டும் ஒரே செவியில் விழுவதையிட்டுக் கலங்க வேண்டாம். தீட்சிதரின் செவியிலும் அப்படித்தான் விழுந்தது. தம் சங்கீதத்தில் அவர் ஆழ வேரூன்றியிருந்தார். ஆகவே கேட்டதையெல்லாம் தமதாக்கினார். அந்த வேரை ஊன்றிக் கொடுப்பதே நமது கடமை.