பனிமலையில் திரும்பி நடந்த குருவானவர்

மார்கழிப் பூரணை தொடங்கி வெசாக் பூரணை வரை சிவனொளிபாதமலைக்கு ஏறிச் செல்லும் மக்கள் கூட்டத்தை இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் வாழும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பலாபத்தல வழியே ஏறி இறங்கியவர்களின் கால்கள் எப்படி நடுங்கும் என்பது நமக்குத் தெரியும். அம்மலையின் உயரம் 2,243 மீற்றர். ஏறத்தாழ அதன் இரண்டரை மடங்கு உயரத்தில், இமயமலையின் உறைபனியில், உயிரைப் பணயம் வைத்து நடந்த ஒரு குருவானவரின் வரலாற்றை இவ்வாரம் நினைவுகூர்வோம்.

அவர் பெயர் அந்தோனியோ தெ அந்திராதே. போர்த்துக்கல் நாட்டின் ஒலெய்ரோஸ் என்னும் ஊரில் 1580ஆம் ஆண்டு பிறந்தார். 1596இல் சேசு சபையில் சேர்ந்து, 1600இல் கோவாவுக்குக் கப்பலேறினார். பின்னர் மொகலாயப் பேரரசில் பணியாற்றிய சேசு சபையினருக்குத் தலைவராக ஆக்ரா நகரில் வாழ்ந்தார். இமயத்துக்கு அப்பால், உலகம் மறந்துவிட்ட கிறிஸ்தவர்கள் வாழ்வதாக அந்நாட்களில் ஒரு செய்தி உலாவியது. அப்படி யாரேனும் இருப்பின், அவர்களைத் தேடிப் போவது தம் கடமை என அவர் எண்ணினார்.

1624ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், மனுவேல் மார்க்கேஸ் என்னும் சபைச் சகோதரருடன் ஆக்ராவிலிருந்து புறப்பட்டார். டில்லியில், பத்ரிநாத்துக்குச் செல்லும் இந்து யாத்திரிகர்களோடு அவர்களைப் போலவே உடையணிந்து சேர்ந்துகொண்டார். அரித்துவாரைக் கடந்து, கடுவால் நாட்டின் தலைநகரை அடைந்தபோது, அரசனின் ஆட்கள் இருவரையும் தடுத்து நிறுத்தி விசாரித்தனர். ஒருவாறு விடுதலை பெற்று, பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள கடைசிக் கிராமமாகிய மானாவைச் சேர்ந்தனர்.

மானாவுக்கு மேலே உள்ள கணவாயின் உயரம் ஏறத்தாழ 5,600 மீற்றர். பனி உருகும் சில வாரங்களில் மட்டுமே அங்கு வழி திறக்கும். ஆனால் அரசன் மீண்டும் தடை போடுவான் என்று அஞ்சிய அந்திராதே, சகோதரர் மார்க்கேசை ஊரிலேயே விட்டு, இரண்டு பணியாளரோடும் ஒரு வழிகாட்டியோடும் முன்னதாகவே மலையேறினார். சில நாட்களில் பின்தொடர்ந்து வந்தவர்கள் வழிகாட்டியைப் பிடித்து, திரும்பாவிட்டால் உன் மனைவி மக்களுக்குக் கேடு வருமென மிரட்டினர். அவன் திரும்பிப் போனான். மூவரும் வழி தெரியாமலே மேலே நடந்தனர்.

பனி என்றால் அதிகாலையில் கொழுந்தை நனைக்கும் துளியையே நாம் நினைக்கிறோம். அங்கே பனி நிலத்தை மூடிக் கிடந்தது. முழங்கால் வரை புதைந்தனர்; சில இடங்களில் மார்பு வரை புதைந்து, நீரில் நீந்துவதுபோல் உடலால் உழுது முன்னேறினர். விடியல் முதல் இருட்டும் வரை இப்படியே நடந்தும் கடந்த தூரம் மிகச் சிறிது. தீ மூட்ட விறகில்லை. உணவு வறுத்த மாவு மட்டுமே. இரவில் ஒரு கம்பளியைப் பனிமேல் விரித்து, மற்றவற்றைப் போர்த்துப் படுத்தனர். தம்மேல் குவியும் பனியை எழுந்து எழுந்து உதற வேண்டியிருந்தது. கைகால்கள் மரத்துப்போயின. தம் விரலின் ஒரு துண்டு போனதைக்கூட, இரத்தத்தைக் கண்ட பிறகே குருவானவர் அறிந்தார்.

ஒருவாறு கணவாயின் உச்சியை அடைந்தனர். ஆனால் எங்கும் ஒரே வெண்மை. வெயிலில் ஒளிவிட்ட பனி கண்களைப் பாதித்ததால், அதன்பின் 25 நாட்கள் தம் செபப் புத்தகத்தின் ஓர் எழுத்தைக்கூட அவரால் அடையாளம் காண முடியவில்லை. மேலே போனால் மூவரும் மடிவது உறுதி. ஆகவே, தேடி வந்த நாட்டின் வாசலில் நின்றபடியே, பணியாளரின் உயிரை எண்ணித் திரும்பி நடந்தார்.

பனி உருகியதும் மார்க்கேசையும் அழைத்துக்கொண்டு மீண்டும் ஏறினார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் மேற்குத் திபெத்தில் குகே நாட்டின் தலைநகரான சாப்பராங்கை அடைந்தார். தேடிய கிறிஸ்தவர்கள் அங்கே இல்லை. புத்த சமயத்தாரே வாழ்ந்தனர். எனினும் அரசன் அன்போடு வரவேற்றான். மறு ஆண்டு அந்திராதே திரும்பவும் சென்றார். 1626ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் அங்கே ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

அப்பணி நீடிக்கவில்லை. அவர் கோவாவில் மாநிலத் தலைவராகப் பொறுப்பேற்க அழைக்கப்பட்டார். 1630இல் போர் மூண்டு, ஆதரவளித்த அரசன் வீழ்ந்தான். திபெத்துக்கு மீண்டும் செல்ல ஆயத்தமான வேளையில், 1634 மார்ச் 19ஆம் நாள், அந்திராதே நஞ்சூட்டப்பட்டு இறந்தார். சகோதரர் மார்க்கேஸ் 1640இல் மறுபடியும் கணவாயைக் கடந்து சிறைப்பட்டார். அவர் திரும்பி வரவேயில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இமயத்தைக் கடந்து திபெத்தை அடைந்த முதல் ஐரோப்பியர்கள் என்று இவ்விருவரையும் வரலாறு போற்றுகிறது. ஆனால் உச்சியிலிருந்து திரும்பிய அந்த நாளும் போற்றத்தக்கதே. தம் துணிவுக்காகப் பிறர் உயிரைக் கொடுக்க அவர் விரும்பவில்லை. திரும்பியதைத் தோல்வியாகவும் கொள்ளவில்லை. காலம் கனியும்வரை பொறுத்து, மீண்டும் நடந்தார். சாதாரண தரப் பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளையை இனி உதவாதவன் என்று ஒதுக்கும் பெற்றோரும், நோயால் வேலையை இடையில் விட்டதற்காக மனமுடையும் தொழிலாளரும் இதை எண்ணிப் பார்க்கட்டும். திரும்பி வந்தவனுக்கு வீட்டில் ஒரு வாய் தேநீரும், மறுபடி புறப்பட ஒரு நல்ல வார்த்தையும் கிடைக்க வேண்டும்.