பிருதிவிராஜ் கபூரும் அவர்தம் மக்களும்

மகனைக் கற்றோர் கூட்டத்தில் முன்னிற்கத் தக்கவனாக்குதலே தந்தைக்குரிய கடன் எனத் திருவள்ளுவர் வரையறுத்தார். முன்னிற்கத் தக்கவனாக்குதல் வேறு; கையைப் பற்றி ஈர்த்துச் சென்று முன்னிருக்கையில் அமர்த்துதல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றென மயங்குவார் நம்மிடையே பலர். தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் வந்து நிற்கும் தந்தையர், தம் மைந்தர் யாது கற்றனர் என்று வினவுவதினும், எந்த அதிகாரி எவருக்கு வேண்டியவர், எவரிடத்துச் சிபாரிசுக் கடிதம் பெறலாம் என்று வினவுவதே மிகுதி. அத்தகையோரை நாள்தோறும் கண்டு பழகிய நமக்கு, வடநாட்டு நடிகர் பெருமகனார் ஒருவர் தம் மைந்தர் மூவரையும் தம் தொழிலிற் புகுத்திய வரலாறு பெரிதும் ஆராயத்தக்கதாகத் தோன்றிற்று. சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறியுமாறு அதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பிருதிவிராஜ் கபூர் 1906-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள், இப்பொழுது பாகிஸ்தானத்தைச் சேர்ந்துள்ள மேலைப் பஞ்சாப்பில் லயால்பூரை அடுத்த சமுந்திரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பசேசுவரநாதர் போலீஸ் உத்தியோகத்தர். பெஷாவரில் அலுவல் பார்த்தவர். அந்நகரத்து எட்வர்ட்ஸ் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்ற பிருதிவிராஜ், பின்னர்ச் சட்டக் கல்வியைத் தொடங்கி, அதனை முற்றுவியாமலே விடுத்தார். கல்லூரி மேடையிற் கொண்ட நாடகப் பற்று அவரை வேறொன்றினும் நிலைக்கவிடவில்லை. இளமையிலேயே மணம் நிகழ்ந்தது. 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் தலைமகன் ராஜ் பிறந்தான்.

நற்குடிப் பிறந்தோர் நடிப்புத் தொழிலை இழிவாகக் கருதிய காலம் அது. ஆயினும் பிருதிவிராஜ், உறவினராகிய அம்மையார் ஒருவர் கடனாக உதவிய பொருளைக் கைக்கொண்டு, 1928-ஆம் ஆண்டில் மனைவி மக்களை ஊரில் விடுத்துப் பம்பாய் சென்றார். அந்நகரில் அவரை அறிந்தார் எவருமிலர். அழைத்துச் சென்று இன்னார் மைந்தர் என்று சொல்லுவாருமிலர். இம்பீரியல் படக் கம்பெனியிற் கூட்டத்தில் ஒருவராய் நிற்கும் வேலையே முதற்கண் கிடைத்தது. நெடிய உருவும், இடியன்ன குரலும், உழைப்பும் அவரை விரைவில் மேலேற்றின. 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நாட்டின் முதற் பேசும்படமாகிய ‘ஆலம் ஆரா’வில் அவர் நடித்தார். ஆண்டர்ஸன் என்னும் ஆங்கிலேயரின் நாடகக் குழுவிற் சேர்ந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வேடம் புனைந்தார். கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் சில்லாண்டு பணியாற்றி, மீண்டும் பம்பாய் வந்து, 1941-இல் சோராப் மோதி எடுத்த ‘சிகந்தர்’ படத்தில் அலெக்ஸாந்தராகத் தோன்றியபின், அவர் பெயரை அறியாதார் வடநாட்டில் இலராயினர்.

படத்தொழிலில் ஈட்டிய பொருளை அவர் மாளிகையாக்கினாரல்லர், நாடகமாக்கினார். 1944-ஆம் ஆண்டில் பிருதிவி தியேட்டர்ஸ் என்னும் குழுவை நிறுவினார். ‘சகுந்தலை’யில் தொடங்கி, ‘தீவார்’, ‘பட்டான்’, ‘கத்தார்’, ‘ஆஹுதி’, ‘கலாகார்’, ‘பைசா’, ‘கிஸான்’ என எட்டு நாடகங்களை ஊர்தோறும் கொண்டு சென்று, 16 ஆண்டுகளில் 2,662 முறை அக்குழு நடித்தது. பிரிவினைக் கலகம் மூண்ட நாட்களில் அவற்றுட் சில, மதப் பகைக்கு எதிராக மேடையினின்று எழுந்த குரலாயின. ‘பட்டான்’ நாடகத்தில், இந்து நண்பனுடைய மகனைக் காத்தற்பொருட்டு முஸ்லிம் தந்தையொருவன் தன் மகனையே பலிகொடுக்கின்றான். ஒவ்வொரு நாடகமும் முடிந்தபின், பிருதிவிராஜ் வேடம் களையாமலே வாயிலில் வந்து, தலை கவிழ்ந்து, துணி ஏந்தி நிற்பார். வெளிச்செல்வோர் இட்ட பொருள் தொழிலாளர் நலத்திற்கும் பொதுத் தொண்டுக்கும் சென்றது. பேரரசனாக நடித்தவர் அந்நாழிகையே இரவலராய் நிற்கும் அக்காட்சியை அவர் மைந்தர் மூவரும் இளமை தொட்டுக் கண்டு வளர்ந்தனர் என்பதனை அன்பர்கள் உள்ளத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி மைந்தரைப் பற்றிக் கூறுவோம். ராஜ் கபூர் மெட்ரிகுலேஷன் தேர்விற் தேறவில்லை. படத்தொழிலே தனக்கு வேண்டுமெனத் தந்தையாரிடம் தெரிவித்தான். அக்காலத்தில் பிருதிவிராஜ் முன்னணி நடிகர்; அவர் ஒரு சொற் சொல்லின் மகனுக்கொரு வேடம் தருவார் பலர் இருந்தனர். அச்சொல்லை அவர் சொல்லவில்லை. கல்கத்தா நாட்களிலிருந்து தம் நண்பரான கேதார் சர்மா என்னும் இயக்குநரிடம், உதவியாளருள் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளுமாறு ஒப்புவித்தார். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்தும், காட்சி எண் எழுதிய பலகையைக் காமிராவின் முன் நீட்டித் தட்டிவிட்டு விலகுவதே அவனுக்கு வாய்த்த வேலை. ஒருநாள் அங்ஙனம் தட்டும்போது தன் முகத்தைக் காமிராவுக்கு அழகுறக் காட்டுவதிற் கருத்துச் செலுத்தி, நடிகர் ஒருவருடைய ஒட்டுத் தாடியைப் பலகையிற் சிக்க வைத்தான் என்றும், சர்மா சினந்து கன்னத்தில் அறைந்தார் என்றும், பின்னர் அவரே மனமிரங்கித் தம் ‘நீல் கமல்’ படத்திற் கதாநாயகனாக்கினார் என்றும் படவுலகத்தார் பலகாலும் எடுத்துரைப்பர். படம் 1947-இல் வெளிவந்தது. அறை விழுந்ததற்காகத் தந்தையார் நண்பரிடம் வழக்குரைக்கச் சென்றார் என்று யாரும் சொல்லக் கேட்டிலோம். ஆசிரியர் ஒருவர் பிள்ளையைக் கடிந்து ஒரு சொற் சொன்னால் மறுநாட் காலை தலைமையாசிரியர் அறையில் வந்து நிற்கும் பெற்றோரை நினைந்து, நாம் இதனைக் குறித்தோம்.

1948-இல் ராஜ் தானே முதல் திரட்டி, தானே இயக்கி, ‘ஆக்’ என்னும் படத்தை வெளியிட்டபோது அவனுக்கு அகவை 23. சட்டப் படிப்பை விடுத்து நாடகமேடை அமைக்க வீட்டினின்று வெளியேறும் இளைஞனே அப்படத்தின் தலைவன். கதை எவர் வாழ்க்கையினின்று முளைத்தது என்பதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் மைந்தராகிய ஷம்மி 1931-இற் பிறந்தவர். கல்லூரியை விடுத்து 1948-இல் தந்தையாரின் குழுவிற் சேர்ந்தபோது அவருக்கு மாதச் சம்பளம் 50 ரூபாய். நான்காண்டு கழித்து 1952-இல் அவர் கடைசியாகப் பெற்ற சம்பளம் 300 ரூபாய். முதலாளியின் மகன் என்பதனால் ஊதியம் வானின்று பொழியவில்லை. 1953-இல் ‘ஜீவன் ஜோதி’யிற் கதாநாயகராகத் தோன்றினார். அதன்பின் நான்காண்டு அவர் பட்ட தோல்வி சிறிதன்று. படம் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தது. தமையனைப் போலி செய்கின்றார் என்ற ஏச்சும் உடன் வந்தது. பெரிய பெயருடையார்க்கு மகனாயும் தம்பியாயும் பிறந்தது அவர்க்கு அந்நாளில் ஊன்றுகோலன்று, தலைச்சுமை. 1957-இல் ‘தும்ஸா நஹீன் தேகா’ வெற்றி பெற்றபோது, அவர் தந்தையாரையும் தமையனாரையும் ஒத்திராத ஆட்டமும் துள்ளலும் கொண்ட வேறொரு நடிகராயிருந்தார்.

கடைக்குட்டி சசி 1938-இற் பிறந்தவர். சிறுவராய்த் தமையன் படங்களில் நடித்தார். தந்தையார் குழுவில் மேடை நிருவாகிக்கு உதவியாளராய்த் திரையிழுத்தும் பொருள் சுமந்தும் வேலை செய்தார். 1956-இல் கல்கத்தாவில், இந்நாட்டுப் பள்ளிகள்தோறும் ஷேக்ஸ்பியர் நாடகம் நடித்துவந்த ஜெப்ரி கெண்டல் என்னும் ஆங்கிலேயரின் மகள் ஜெனிபரைக் கண்டு, 1958-இல் மணந்தார். அம்மங்கையும் தந்தையின் குழுவிலேயே நடித்து வளர்ந்தவள். கதாநாயகராக அவருக்கு முதற்படம் 1961-இல் வந்த ‘தர்மபுத்ரா’.

இவ்வளவிற் கண்டதனாற் பிருதிவிராஜ் தம் மக்களுக்குச் சலுகையே காட்டவில்லை என்று முடிவு கட்டுவது பொருந்தாது. நடுநிலையின் நின்று ஆராயின், தேர்விற் தேறாத இளைஞர் பல்லாயிரவர் அந்நாளிற் பம்பாய்ப் படநிலையங்களின் வாயிலிற் காத்துநின்றனர். அவருள் ஒருவனுக்கும் கேதார் சர்மாவின் அறை வாங்கும் பேறு கிட்டவில்லை. பலகை தட்டும் கீழ்ப்பணியாயினும், அதுவும் வாயிலுக்கு உள்ளே இருப்பதோர் பணியே. தந்தையார் வாயிலைத் திறந்தார், ஆசனத்தை இடவில்லை. இதனை மறைத்துரைப்பது அப்பெரியார்க்கும் புகழாகாது. மற்றொன்றும் உண்டு. வாயில் தம் மக்களுக்கு மட்டும் திறந்ததன்று. அவர் குழுவிற் கருவியிசைத்த சங்கர், ஜெய்கிஷன் என்னும் இளைஞர் இருவர் பின்னாளில் வடநாட்டுத் திரையிசையை ஆண்டனர். ஸோஹ்ரா ஸேகல், உஸ்ரா என்னும் உடன்பிறந்த மகளிர் இருவரும் அம்மேடையிற் புகழ் பெற்றனர். ஆனால் பிறர்தம் மகளிர்க்கு மேடையளித்த அவருடைய சொந்த மகளார் ஊர்மிளா நடிப்புத் துறைக்கு வந்திலர். அக்குடியின் மகளிர் நடித்தலாகாது என்னும் வழக்கம் பேரன்மார் காலத்தும் நீடித்து, ராஜ் கபூரின் கிளையில் அவர் பேத்தி கரிஷ்மா 1991-இற் படத்தில் தோன்றிய பின்னரே உடைந்தது. மைந்தர்க்குக் காட்டிய வழியை மகளார்க்கும் காட்டியிருப்பின் இவ்வரலாறு இன்னும் நிறைவுடையதாயிருக்கும் என்பது நம் கருத்து.

இவ்விடத்து ‘ஆவாரா’வைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். 1951-இல் ராஜ் இயக்கி நடித்த அப்படத்திற் பிருதிவிராஜே நீதிபதியாகிய தந்தை. நல்லோன் மகன் நல்லோன், கள்வன் மகன் கள்வன் என்பது அந்நீதிபதியின் உறுதியான கொள்கை. ஐயத்தினாற் கருவுற்ற மனைவியைத் துரத்துகின்றார். அவள் வயிற்றுப் பிள்ளை தெருவில் வளர்ந்து கள்வனாகி, ஈற்றில் தந்தையின் முன்னே குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றான். பிறப்பன்று, வளர்ப்பே ஒருவனை ஆக்குவது என நிலைநாட்டக் கே. ஏ. அப்பாஸ் எழுதிய கதை அது. அதில் தந்தையாக நடித்தவர் தந்தை. மகனாக நடித்தவர் மகன். மகனது சிறுபருவத்திற் தோன்றியவர் இளைய மகன் சசி. நீதிபதியின் ஆசனத்திற் சிறிது நேரம் அமர்ந்தவர், போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்ந்த பாட்டனார் பசேசுவரநாதர். பிறப்பினாற் சிறப்பில்லை என்று முழங்க ஒரு குடியின் மூன்று தலைமுறையினர் கூடிய வியப்பு வேறெங்கும் நாம் கண்டதில்லை. குடிப்பெருமை பேசும் கூட்டங்களிற் பழகிய நமக்கு அது நகையும் விளைக்கும். நெஞ்சில் முள்ளாயும் தைக்கும். மகன் ஏவ, அவன் சொன்னவண்ணம் நின்று நடிக்கத் தந்தையார் நாணவில்லை என்பதும் நினையத்தக்கது.

பிருதிவிராஜ் 1952 முதல் 1960 வரை ராஜ்ய சபையில் நியமன உறுப்பினராயிருந்தார். தொண்டை தளர்ந்து குரல் கெட்டமையால் 1960-இல் நாடகக் குழுவைக் கலைக்க நேர்ந்தது. அவ்வாண்டிலேதான் ‘மொகலே ஆஜம்’ வெளிவந்தது. மகனோடு போர்புரியும் அக்பராக அவர் அதில் நின்ற கோலத்தைத் தமிழ் மொழிமாற்றத்தில் நம்மவரும் கண்டு மகிழ்ந்தனர். 1968-இல் ஜெமினி வாசன், நம் ‘பாமா விஜய’த்தை இந்தியில் எடுத்தபோது, தமிழிற் பாலையா ஏற்ற தந்தை வேடத்தை அவரே ஏற்றார். 1971-இல் பேரன் ரந்தீர் இயக்கிய ‘கல் ஆஜ் அவுர் கல்’ படத்தில் மகனோடும் பேரனோடும் தோன்றினார். பேரன்மார் காலத்தில், மேடை பெருக்கிப் பயிலும் முறை தளர்ந்துவிட்டது. 1973-இல் ‘பாபி’யில் ரிஷி கதாநாயகனாகவே வந்தான்.

1972-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் பிருதிவிராஜ் பம்பாயில் மறைந்தார். தாதாசாகேப் பால்கே விருது அவர் மறைந்தபின்னரே வழங்கப்பெற்றது. மனைவியார் ராம்சர்ணியும் சின்னாட்களில் அவரைப் பின்தொடர்ந்தார். வாழ்நாளெல்லாம் ஊர் சுற்றிய அக்குழுவுக்குச் சொந்தமாக ஓர் அரங்கு அவர் இருந்தவரை அமையவில்லை. 1978-இல், அவர் எண்ணியிருந்த ஜூஹு நிலத்திலேயே, சசியும் ஜெனிபரும் தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு பிருதிவி தியேட்டரைக் கட்டித் திறந்தனர். பெரியதன்று, இருநூறு பேர் அமரலாம். புகழ்பெறாத இளைஞர் குழுக்களும் அங்கே மேடையேறின.