நொடியைப் பிடித்தவர்: சிந்தாமணி இரகுநாதாச்சாரி

டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஃபோர்ட் கேனிங் குன்றின் மேல் ஏறினால், கம்பத்தில் பொருத்திய பெரிய பந்து ஒன்றைக் காணலாம். அலங்காரப் பொருள் என்று எண்ணிக் கடந்து விடுவோர் பலர். முற்காலத்தில் இக்குன்றில் நாள்தோறும் பிற்பகல் 1 மணிக்குப் பந்து கீழே விழும். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். சென்னையில் அவ்வேலையைச் செய்தது கோட்டைப் பீரங்கி. அதற்கு நேரம் தந்தது நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடம். அங்கே விண்மீன்களைப் பார்த்து நேரம் குறித்த தமிழ்நாட்டு அறிஞரைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சிந்தாமணி இரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1840களில் இளைஞராக வானாய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1861இல் போக்சன் தலைமை ஏற்றபின், அவருக்கு அடுத்த நிலையில் முதல் உதவியாளராக விளங்கினார்.

அவருடைய வேலை என்ன? தொலைநோக்கிக்குள் மெல்லிய நூல்கள் கட்டியிருக்கும். விண்மீன் நூலைக் கடக்கும் கணத்தைக் கண் பார்க்கும்; கடிகாரத்தின் டிக் ஒலியைக் காது கேட்கும்; நொடியில் பத்தில் ஒரு பங்கை மனம் கணிக்கும். கடிகாரம் சரியாக இருந்தாலும் பார்ப்பவர் சற்றுப் பிந்துவார். கிரீனிச்சில் ஏறக்குறைய 0.8 நொடி பிந்தியதற்காக ஓர் உதவியாளர் 1796இல் வேலையையே இழந்தார்!

இந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. ஜிபிஎஸ் துணைக்கோளங்களின் உதவியால், உள்ளங்கை அளவுக் கணினிக்கு நொடிக்கு ஒரு துடிப்பை, நொடியின் கோடியில் ஒரு பங்கு பிழைக்குள் தரலாம். ஆனால் கணினி வேறு வேலையில் இருக்கும். துடிப்பைக் கவனிக்கச் சில மைக்ரோ நொடிகள் பிந்தும். யுஎஸ்பி வழியாக வந்தால் ஆயிரத்தில் ஒரு நொடிகூடப் பிந்தலாம். நேரத்தை அறிவது ஒன்று, நிகழ்ந்த கணத்தைக் குறிப்பது வேறொன்று. இரகுநாதாச்சாரி இரண்டையும் வெறும் கண்ணையும் காதையும் நம்பிச் செய்தார்.

1867இல் ரெட்டிகுலம் என்னும் தென்வானக் கூட்டத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868 சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலும் 1871 கிரகணத்தை அவிநாசியிலும் ஆராயச் சென்றார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

என்னைக் கேட்டால், அவர் துணிச்சல் வெளிப்பட்டது பஞ்சாங்கத்தில்தான். பழைய வாய்பாடுகள் சொல்லும் இடத்தில் கோள் இல்லை என்பதைத் தொலைநோக்கியில் கண்டவர் அவர். வானத்தோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைத் தாமே கணித்து வெளியிட்டார். பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்தவர் பஞ்சாங்கத்தில் பிழை இருக்கிறது என்று சொல்வது எளிதா? வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. 2023இல் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17இலும் வாக்கியப்படி டிசம்பர் 20இலும் வந்தது. பதினொரு மாத வேறுபாடு! நம் வீட்டுப் பாட்டிகள் இரண்டு நாளும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள்.

1874 டிசம்பர் 9இல் வெள்ளி, சூரியனின் குறுக்கே கடந்தது. வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் கணத்தைப் பல நாடுகளில் துல்லியமாகக் குறித்தால் சூரியனின் தொலைவை அறியலாம். பொதுமக்களும் இதை விளங்கிக்கொள்ளட்டும் என்று இரகுநாதாச்சாரி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் முன்கூட்டியே சிறுநூல் வெளியிட்டார்.

1880 பிப்ரவரி 5இல் அவர் காலமானார். நுங்கம்பாக்கத்தில், இப்போது வானிலை ஆய்வு மையம் உள்ள வளாகத்தில், வானாய்வுக்கூடத்தின் முதல் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் நிற்கிறது. அதில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அவர் பெயரை அதில் தேட வேண்டாம். அவர் பிறக்கும் முன்பே, 1792இல், வெட்டியது அது.