எஜமானையே உதைத்த துப்பாக்கி

டுமீல்! காதைப் பிளக்கும் சத்தம். சுட்டவர் மல்லாந்து விழுந்தார். அவர் விழாமல் இருக்கப் பின்னால் முட்டுக் கொடுத்து நின்றவரும் விழுந்தார். துப்பாக்கி அவர்களையும் தாண்டிச் சில கஜ தூரத்தில் போய் விழுந்தது.

1860-களில், ஆப்பிரிக்காவில், சாமுவேல் பேக்கர் துரையின் முகாமில் அவ்வப்போது நடந்த வேடிக்கை இது. துப்பாக்கி அவருடையது. ஆனால் அதைச் சுட அவருக்கே பயம்! சிங்கத்துக்கும் யானைக்கும் அஞ்சாத மனிதர், தம் துப்பாக்கிக்கு அஞ்சினார்.

பேக்கர் 1821-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தகப்பனார் பெரிய வியாபாரி, கப்பல்கள் உண்டு. மகனுக்கோ கணக்குப் புத்தகம் வேம்பாகக் கசந்தது. காடும் வேட்டையுமே இனித்தன.

19 வயதில்

1840-ல் அவருக்கு வயது 19. பிரிஸ்டல் நகரில் கிப்ஸ் என்ற துப்பாக்கித் தொழிலாளரிடம், தாமே அளவு சொல்லி ஒரு ரைபிள் செய்து வாங்கினார். எடை 21 ராத்தல். அதாவது சுமார் ஒன்பதரைக் கிலோ. அதில் போடும் உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ். மருந்து 16 டிராம். அதாவது 1 அவுன்ஸ்.

அது வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி. மருந்தை அளந்து குழாயில் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடிக்க வேண்டும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சுடுகிறவர் கையில்.

துப்பாக்கி ஏன் உதைக்கிறது? குண்டு முன்னே பாயும்போது, துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. குண்டு கனத்தால் உதை கூடும். மருந்து கூடினாலும் உதை கூடும். துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும். இளைஞர் பேக்கர் இதை அறிந்தே தம் ரைபிளை அவ்வளவு கனமாகச் செய்யச் சொன்னார்.

1848 முதல் 1855 வரை இலங்கையில் நுவரெலியாவில் அவர் குடியிருந்தார். இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டு வந்து பண்ணை வைத்தார். அந்த ரைபிளும் உடன் இருந்தது. அவர் சுட்ட யானைகள் ஏராளம். அன்று அது வீரம் எனப்பட்டது, பாவம், யானைகள்!

“குழந்தை”

1861-ல் நைல் நதியின் பிறப்பிடம் தேடிப் புறப்பட்டார். பிளாரன்ஸ் அம்மையாரும் கூடச் சென்றார். அந்தப் பயணத்துக்காக லண்டன் ஹாலண்டு கம்பெனியில் செய்த ஒரு ராட்சதத் துப்பாக்கியையும் கொண்டு போனார். அதன் குண்டு அரை ராத்தல்! உள்ளே போய் வெடிக்கும் குண்டு.

இங்கேதான் கணக்குத் தவறியது. மருந்தைப் பழைய ரைபிளைவிடக் குறைத்து 10 டிராம்தான் போட்டார். ஆனால் குண்டின் கனம் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. துப்பாக்கியோ 20 ராத்தல்தான். பழையதைவிட 1 ராத்தல் குறைவு. மருந்தைக் குறைத்து என்ன பயன்? சுட்டதும் பேக்கர் பம்பரமாகச் சுழன்றார்.

அரபு வேலைக்காரர்கள் அதற்குப் பீரங்கியின் குழந்தை என்று பெயர் வைத்தார்கள். பேக்கர் சுருக்கமாகக் குழந்தை என்றார். பல ஆண்டுகளில் அது சுடப்பட்டது ஏறக்குறைய 20 தடவைதான். அவர் சுட்டபோதெல்லாம் குறி தப்பவில்லை என்பதும் உண்மை. மாதக்கணக்கில் மருந்தோடு கிடந்தால் சுத்தம் செய்தாக வேண்டும். அப்போது சுட்டுக் காலி செய்யும் பாக்கியம் வேலைக்காரர்களுக்கு! முதலில் சொன்ன காட்சி அதுதான்.

1864 மார்ச் 14-ந் தேதி தம்பதியர் ஒரு பெரிய ஏரியைக் கண்டார்கள். விக்டோரியா ராணியின் மறைந்த கணவர் நினைவாக ஆல்பர்ட் ஏரி என்று பெயரிட்டார் பேக்கர். 1866-ல் சர் பட்டம் கிடைத்தது.

முதுமையில் அவர் புகழ்ந்தது வேறு துப்பாக்கி. 1890-ல் வெளிவந்த புத்தகத்தில் அதை எழுதினார். எடை 12 ராத்தல், மருந்து 6 டிராம், குண்டு ஏறக்குறைய ஒன்றரை அவுன்ஸ். குழந்தையின் குண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. புலிக்கு அது போதும் என்று கண்டிருந்தார்.

1893 டிசம்பர் 30-ந் தேதி, இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தில் இருந்த தம் வீட்டில் பேக்கர் காலமானார்.